காற்றில்லை என்று எழுதிய மூன்று மணி நேரம்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் அந்தோனியம்மாவை மேல்கணக்கு மயானத்தில் அடக்கம் செய்துவிட்டு ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி வந்தோம். புருசன் அலோசியஸ் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். மகன் றொக்சன் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவே இல்லை. கொழும்பில் கடை வேலைக்குப் போனவனைப் பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் இன்றோடு இருபத்து மூன்று நாள்.

அவனை விடுவதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்தில் எவர் பேரிலும் எந்த முறைப்பாடும் இல்லை என்று ஊர்ப் பொலிஸ் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று இங்கே பொலிஸ் பெரியவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இன்று புதன். அடக்க நாளையும் சேர்த்து எண்ணினால் ஏழாம் நாள். பின்னேரம் ஐந்தரைக்குக் கோயிலில் அந்தோனியம்மாவுக்காகப் பூசை.

ஏழு என்ற கணக்கை மகள் ஜெரோமி பூசைக்காகத்தான் ஞாபகத்தில் வைத்திருந்தாள். அவள் வேலை செய்கிற இடத்திலும் ஓர் ஏழு நாள் கணக்கு உண்டு. காலை ஒன்பது மணி வரை அது அவளுக்கு உறைக்கவில்லை.

றொசல்ல ரயில் ஸ்டேஷனில் நின்று அண்ணாந்து பார்த்தால், பனி விலகிய நேரத்தில் மலையுச்சியில் நாலு வெள்ளைக் காற்றாலை தெரியும். அதற்குக் கீழே தகரம் போட்ட ஓர் அலுவலகம், தகரத்தின் மேல் வரிசையாகச் சூரியத் தகடுகள். மூடுபனி வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற ஊரில் சூரியத் தகடு எதற்கு என்று லயத்தில் கேலி செய்வார்கள். கம்பனிக்காரன் யோசிக்காமலா வைப்பான் என்பார் அலோசியஸ். அவர் அங்கே வாச்சர். ஜெரோமி அங்கே அறிக்கை எழுதுகிறவள். ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, லயத்திலிருந்து போய் அங்கே நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான்.

அறிக்கை என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு நாளை நாற்பத்தெட்டு அரைமணித் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட்டம். அதில் காற்றாலை எவ்வளவு மின்சாரம் கொடுத்தது, சூரியத் தகடு எவ்வளவு கொடுத்தது என்று எழுத வேண்டும். கொடுக்கவில்லை என்றால், ஏன் கொடுக்கவில்லை என்று பக்கத்தில் ஓர் இலக்கம். ஒன்று போட்டால் காற்றில்லை. இரண்டு, பழுது. மூன்று, மேலிடத்து உத்தரவில் நிறுத்தம். நாலு போட்டால் யாரோ ஓர் ஆள் நிறுத்தியது என்று அர்த்தம். அந்த ஆளின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

பிழையாக எழுதிவிட்டால் ஏழாம் நாள் பின்னேரம் நாலு மணிக்குள் திருத்தம் அனுப்பலாம், ஒரு கேள்வியும் இல்லை. அதற்குப் பிறகு பிடிபட்டால் அது பொய் அறிக்கை. தாளின் அடியில் கையெழுத்து வைத்தவர் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு இந்த மாதிரிப் படிவங்களைக் கண்டால் ஆகாது. ஆனாலும் கொழும்பில் இருக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொல்பிட்டியவில் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று போய்ப் பார்த்துச் சொல்லிவிடலாம். காற்றை யார் பார்த்தது? இங்கிருந்து எழுதி அனுப்புவதை நம்பித்தான் அவர்கள் மற்ற இடங்களில் எவ்வளவு எடுப்பது என்று தீர்மானிக்கிறார்கள்.

ஒன்பது மணிக்கு சுகிர்தன் அவளைக் கூப்பிட்டான். அவன்தான் அந்த நிலையத்துக்குப் பொறுப்பான இஞ்சினியர். யாழ்ப்பாணத்துக்காரன், முப்பத்திரண்டு வயது, அதிகம் பேச மாட்டான். ஹட்டனிலிருந்து வருகிற வழியில் மற்றவர்கள் இரண்டு நிமிடம் நிற்கிற சோதனைச் சாவடியில் அவன் இருபது நிமிடம் நிற்பான். அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை முறையிட்டதில்லை.

"ஜெரோமி, உதில இரும். போன வியாழக்கிழமைத் தாளை ஒருக்கா எடும்."

எடுத்தாள். போன வியாழன்தான் அம்மாவின் அடக்கம். அன்றும் மறுநாளும் அவள் வேலைக்கு வரவில்லை. சனிக்கிழமை வந்து இரண்டு நாள் தாளையும் சேர்த்து நிரப்பினாள். பகல் ஒன்றரையிலிருந்து நாலரை வரை ஆறு கட்டத்திலும் காற்றாலை சைபர். ஒவ்வொரு சைபருக்குப் பக்கத்திலும் ஒன்று என்ற இலக்கம். கீழே சுகிர்தனின் கையெழுத்து.

"காத்தில்லை எண்டு போட்டிருக்கிறீர்."

"ஆமா சேர். அன்னைக்கு காத்தாடி நாலும் நின்னுக்கிட்டு இருந்துச்சு. நான் மயானத்துலேருந்து பாத்தேன். நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க."

"ஓம், நானும் பாத்தனான். அதாலதான் கையெழுத்து வைச்சனான்."

மேசையில் ஒரு சின்ன சிப் கிடந்தது. காற்றாலைகளுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. அதன் தலையில் கிண்ணங்கள் சுற்றிச் சுற்றிக் காற்றை அளக்கும். அளந்தது இந்தச் சிப்பில் தானாகப் பதியும். மாதம் ஒருமுறை கழற்றி, பதிந்ததைப் பிரதி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். இன்றுதான் கழற்றியிருந்தான். காற்றாலைகளோ பழையவை, எங்கேயோ ஓடிக் களைத்து இங்கே வந்து சேர்ந்தவை. நின்றால் ஏன் நின்றோம் என்று தாமாகப் பதிந்து வைக்கும் வசதி அவற்றில் இல்லை.

"ஒண்டரையில இருந்து நாலரை மட்டும் செக்கனுக்குப் பதினொரு மீற்றர்," என்றான் சுகிர்தன். "அந்தக் கிழமையிலேயே கூடின காத்து அதுதான்."

"கம்பம் பிழையா காட்டியிருக்கும் சேர்."

சுகிர்தன் சிப்பை எடுத்துத் தாளின் மேல் வைத்தான். பிறகு தாளைப் பார்த்தபடியே சொன்னான். "மெழுகுதிரி ஒண்டும் நிண்டு எரியேல்லை, ஜெரோமி. நான் குடை பறக்காமல் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டனான்."

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. குழியைச் சுற்றி வைத்த மெழுகுதிரிகள் கொளுத்தக் கொளுத்த அணைந்தன. இரண்டு நெருப்புப் பெட்டி தீர்ந்து போனது. தலையில் போட்டிருந்த முக்காடு பறக்காமல் அவளே ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை காற்றும் உடம்பில் பட்டிருக்கிறது. ஆனால் சனிக்கிழமை பேனையை எடுத்தபோது கண் முன்னால் வந்தது அசையாமல் நின்ற அந்த நாலு காற்றாலை மட்டும்தான். தாயை மண்ணில் வைத்துவிட்டு வந்தவளிடம் கட்டம் நிரப்பச் சொன்னால் இப்படித்தான் நடக்கும். எனக்கு அவள் மேல் கோபமில்லை.

"காத்தில்லை எண்டால் ஒருத்தரிலயும் பிழையில்லை," என்றான் சுகிர்தன். "காத்து இருக்க நிண்டதெண்டால் ஆரோ நிப்பாட்டினது. இந்தச் சண்டை நேரத்தில கரண்டை நிப்பாட்டினது ஆர் எண்டு கேட்டால், அது வேற கதை."

நிறுத்திய காற்றாலையைத் திரும்ப ஓட்டுகிற சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒருவன் சுகிர்தன். அடக்கத்தன்று அவன் குடையோடு குழியடியில் நின்றான்.

"வீட்டை ஒருக்காப் போட்டு வாரும்," என்றான். "நாலு மணிக்கு முன்னம் திருத்தம் போக வேணும்."

காலைத் தாள்களை முடித்து அவள் மலையிறங்கி வீட்டுக்குப் போகப் பகல் ஒரு மணியாகிவிட்டது. அலோசியஸ் துக்க லீவில் இருந்தார். பூசைக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற பூரணி கொடுத்த பெரிய கேத்தலை, வாசலில் குந்தி சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா புள்ள, நேரத்தோட வந்துட்ட. அர நாளா?"

"அப்பா, அம்மா அடக்கத்தன்னைக்கு காத்தாடிய நீங்களா நிப்பாட்டுனீங்க?"

"ஆமா," என்றார் அவர், சாதாரணமாக. "பொட்டி தூக்குறதுக்கு முந்தியே மேல போயி நாலு செவப்பு பட்டனையும் அமுக்கிட்டுத்தான் வந்தேன். எல்லாரும் திரும்பி வந்ததுக்கப்புறம் போய் சாவி போட்டு ஓட்டுனேன்."

"ஏன்பா அப்படி செஞ்சீங்க?"

அவர் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு மகளை விசித்திரமாகப் பார்த்தார்.

"பெக்டரியில இருவத்தாறு வருசம் இஞ்சின் ஓட்டுனேன். பெக்டரி ரோட்டால பொட்டி போச்சுன்னா ரோலர நிப்பாட்டிருவேன். மண்ணு போட்டுட்டு கடைசி ஆளு வீடு திரும்புற வரைக்கும் ஓட்ட மாட்டேன். டீமேக்கர் ஐயா ஒரு நாளும் ஏன்னு கேட்டதில்ல. அவரே வெளிய வந்து தொப்பிய கழட்டிட்டு நிப்பாரு. வீரம்மாவுக்கு நிப்பாட்டுனேன். கணேசமூர்த்திக்கு நிப்பாட்டுனேன். குடிச்சிட்டு ஆத்துல உழுந்தானே அழகன், அவனுக்கும் நிப்பாட்டுனேன். ஒங்கம்மா போறப்ப தலைக்கு மேல அது பாட்டுக்கு சுத்திக்கிட்டு இருக்கணுமா?"

அப்பா ஏன் அழவில்லை என்று ஊரே கேட்டதே, அதற்கு இதுதான் பதில் என்று அவளுக்குப் பட்டது.

"யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேப்பா."

"வாச்சர் புக்குல எழுதி வெச்சேனே. ஒன்றரைக்கு நிப்பாட்டினேன், மனைவி அடக்கம், நாலரைக்கு ஓட்டினேன்னு. யாரு அதப் பாக்குறா?"

அவள் அவர் பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னாள். சிப்பைப் பற்றி, நாலு மணியைப் பற்றி, சுகிர்தனின் கையெழுத்தைப் பற்றி.

"திருத்தம் போகலேன்னா சேரத்தான் புடிப்பாங்கப்பா. அவரு யாழ்ப்பாணம். சும்மா வுட மாட்டாங்க. திருத்தம் போச்சுன்னா அதுல ஒங்க பேரும் ஐடென்டி நம்பரும் போவும்."

"போவட்டுமே. நாந்தானே நிப்பாட்டுனேன்."

"நாளைக்குக் கடுதாசி தர்றாங்கப்பா. குடும்பத்துல யாரு பேருலயும் ஒண்ணும் இல்லன்னு அண்ணனுக்காக எழுதுற கடுதாசி. இன்னைக்கு, கரண்ட நிப்பாட்டுனவருன்னு ஒங்க பேரு கொழும்புக்குப் போவுது."

அவர் கேத்தலைத் தள்ளி வைத்தார்.

அலோசியஸைத் தெரிந்தவர்களுக்கு அவர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியும். பெக்டரியில் ஒருவனுக்கு விரல் போனபோது, பெல்ட்டைச் சரியாக மாட்டாதது நான்தான் என்று யாரும் கேட்காமலே போய்ச் சொல்லி, பதினைந்து நாள் வேலை இல்லாமல் இருந்தவர் அவர். எம்பேர எழுது புள்ள என்பார் என்றுதான் ஜெரோமி காத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"எழுதாத," என்றார்.

"அப்பா."

"பழுதுன்னு எழுது. ரெண்டாம் நம்பருதானே அது? புக்குல உள்ள தாள நான் போய் கிழிச்சுர்றேன்." குரல் உடைந்து போனது. "ஒரு ஆள குடுத்துட்டு ஒக்காந்திருக்கேன். இவனையும் குடுக்க என்னால முடியாது புள்ள."

அடக்கத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், சாம்பல் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுத்த காம்பிராவுக்குக் கேட்டுவிடும் என்று சத்தத்தை அடக்கி அடக்கி அழுதார்.

ஜெரோமி அலுவலகத்துக்குத் திரும்பியபோது மணி இரண்டே முக்கால். மலையேறி வந்த வழியெல்லாம் அவள் யோசித்தது றொக்சனைப் பற்றித்தான். போகும்போது புது சேர்ட் போட்டுக்கொண்டு, சம்பளம் கிடைத்ததும் அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். அம்மா செத்தது அவனுக்கு இன்னும் தெரியுமோ தெரியாதோ.

"பழுதுன்னு போடலாமா சேர்?"

சுகிர்தன் அவள் முகத்தைப் பார்த்தான். யார், ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"போடலாம்," என்றான். திருத்தப் படிவத்தை இழுத்து வைத்து எழுதத் தொடங்கினான். ஆறு கட்டத்திலும் இரண்டு போட்டான். பிறகு பேனை நின்றது. "பழுதைத் திருத்தினது ஆர் எண்டு கேக்குது. இஞ்சினியர் எண்டு இஞ்ச நான் ஒருத்தன்தான்." தன் பெயரையே எழுதினான்.

"நீங்க அன்னைக்கு மயானத்துல நின்னீங்களே சேர். எல்லாரும் பாத்தாங்க."

"ஓம். கேட்டால் பிடிபடும். கேக்காமலும் விடலாம்."

"எதுக்கு சேர் நீங்க..."

அவன் பேனையை மூடினான். "என்ர தம்பி சஞ்சயனுக்கும் இப்பிடியொரு கடிதம் கொண்டு வரச் சொன்னவை. கொண்டு போய்க் குடுக்க அப்ப எங்கட வீட்டில ஒருத்தரும் இருக்கேல்லை."

"பெறகு என்னா ஆச்சு?"

"பிறகு ஒண்டுமில்லை," என்றான். படிவத்தை அவளிடம் கொடுத்தான். "பக்ஸில அனுப்பிவிடும். நான் சிப்பைத் திரும்பக் கம்பத்தில போட்டுட்டு வாறன்."

அவன் மலையேறிப் போனான். அலுவலகத்தில் ஜெரோமியும், தாளைக் கொழும்புக்கு அனுப்புகிற பக்ஸ் மெசினும் மட்டும் இருந்தார்கள். மணி மூன்று இருபது.

அந்தத் தாளை அனுப்பிவிட்டால் அவள் வேலை முடிந்தது. அப்பா சொன்னதும் அதுதான், சேர் எழுதியதும் அதுதான். அண்ணனுக்கும் நல்லது. தாளை மெசினில் வைத்தாள். திரும்ப எடுத்தாள்.

நாலு காற்றாலைக்கும் ஒரே நிமிடத்தில் பழுது வந்து ஒரே நிமிடத்தில் சரியானது என்று இதில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகூட நம்பாது. யாராவது ஒருவர் வந்து விசாரித்தால், பழுது பார்த்ததாக எழுதியவன் அந்த நேரத்தில் குழியடியில் குடை பிடித்துக்கொண்டிருந்தான் என்று முந்நூறு பேர் சொல்வார்கள். அவனுக்காகக் கடிதம் கேட்க இப்போதும் வீட்டில் ஆள் இல்லை. அப்பாவின் கதையையோ அதே முந்நூறு பேரும் உண்மை என்று சொல்வார்கள். வாச்சர் புத்தகத்திலும் அப்படியே இருக்கிறது. பெண்சாதியின் பெட்டி போகிற நேரத்தில் மெசினை நிறுத்திய கிழவனை என்ன செய்துவிட முடியும் என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். என்னவும் செய்ய முடியும் என்று ஒரு பயமும் கூடவே இருந்தது. அதை அவள் அழுத்தி வைத்தாள்.

புதுப் படிவம் எடுத்தாள். ஆறு கட்டத்திலும் நாலு போட்டாள். அப்பாவின் பெயரை எழுதினாள். அடையாள அட்டை இலக்கம் மனப்பாடமாக இருந்தது. அம்மாவின் மரணப் பதிவுக்குப் போன வாரம்தான் எழுதியிருந்தாள். காரணம் எழுத ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். மனைவியின் அடக்கம், தோட்ட வழக்கப்படி நிறுத்தினார் என்று எழுதினாள். அறிக்கை தயாரித்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தை வைத்தாள். மெசின் தாளை உள்ளே இழுத்துக்கொண்டபோது மணி மூன்று ஐம்பத்திரண்டு.

சுகிர்தன் எழுதிய படிவத்தை மடித்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள். அவன் திரும்பி வந்ததும் சொன்னாள். "எங்கப்பா பேர்லதான் அனுப்புனேன் சேர்."

அவன் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். கோபப்படுவான் என்று பயந்தாள். அவன் கோபப்படவில்லை.

நாலே முக்காலுக்குத் தொலைபேசி வந்தது. கம்பனியின் தலைமை அலுவலகம். பேசியவர் சிங்களத்தில், மரியாதையாகவே பேசினார். அலோசியஸ் என்பவர் தமிழரா, எத்தனை வருடமாக வேலை செய்கிறார், இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நாளை காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேர் வருவார்கள், வாச்சரை வேறெங்கும் போகவிட வேண்டாம், வாச்சர் புத்தகம் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று சொல்லி வைத்தார்.

"புத்தகத்தில அண்டைக்கே எழுதி வைச்சிருக்கிறாரோ?" என்று கேட்டான் சுகிர்தன்.

"ஆமா சேர். நேரம், காரணம் எல்லாம் இருக்கு."

"அப்ப பயப்பிடாதையும். அண்டைக்கு எழுதினது அண்டைக்கு எழுதினதுதான். அந்தத் தாள் இருக்குமட்டும் இதைக் களவெண்டோ சதியெண்டோ ஒருத்தரும் சொல்லேலாது."

அப்போதுதான் ஜெரோமிக்குத் திக்கென்றது. தாளைக் கிழித்துவிடுகிறேன் என்று அப்பா சொன்னாரே. அவள் வாச்சர் கொட்டிலுக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது, சாவி அப்பாவிடம். கீழே கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அங்கிருந்து நேரே கோயிலுக்கு ஓடினாள். அப்பா அதற்குள் போயிருக்க மாட்டார், அழுத களைப்பில் படுத்திருப்பார், பூசை முடிந்த பிறகுதான் போக நினைத்திருப்பார் என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

கோயிலுக்குள் போனபோது பூசை தொடங்கியிருந்தது. அப்பா முன் வரிசையில் இருந்தார். வெள்ளைச் சாரம், இஸ்திரி போட்ட சேர்ட். அவள் பெண்கள் பக்கம் முழங்காலில் நின்றாள். அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்த மெழுகுதிரிகள் ஆடாமல் அசையாமல் எரிந்தன. பூசை வைத்த சுவாமியார் அந்தோனியம்மாவின் பெயரைச் சொன்னபோது எல்லோரும் அழுதார்கள். ஜெரோமிக்கு அழ வரவில்லை. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அலோசியஸ் கேத்தலைப் பிடித்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். பணிஸ் தட்டோடு பூரணி பின்னால் போனாள். கடைசியாக மகளுக்கு ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் நெருங்கி நின்றார். மத்தியானம் இருந்ததைவிட முகம் தெளிந்திருந்தது.

"நீ போன கையோட நானும் மேல போயிட்டேன்," என்று காதோடு சொன்னார். "அந்தத் தாளு வேல முடிஞ்சுது. கிழிச்சுக் கொண்டாந்து இந்தக் கேத்தலுக்கே அடுப்பு பத்த வெச்சுட்டேன்."

ஜெரோமி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வெள்ளனவே போயி கடுதாசிய வாங்கிர்றேன். ஒம்போது மணிக்கெல்லாம் கையில இருக்கும். நீ அத அனுப்பிட்டதானே புள்ள?"

கொழும்பிலிருந்து வருகிற இரண்டு பேரும் அந்த ஒன்பது மணிக்குத்தான் வருகிறார்கள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஏழு நாளில் இன்றைக்குத்தான் அவர் தனக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்திருந்தார்.

"அனுப்பிட்டேம்பா," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "குடி, ஆறிரும்," என்றார்.

ஜெரோமி குடித்தாள்.